ராம்கரில் எண்ணிக் கொடுத்த சம்பளம்

ராம்கர் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு ஞாபகம் வருவது 1940 மார்ச்சில் அங்கே நடந்த காங்கிரஸ் மகாசபை. மௌலானா அபுல் கலாம் ஆசாத் தலைமை வகித்தார். பழங்குடித் தலைவர் பிர்ஸா முண்டாவின் பெயரில் நுழைவாயில் அமைத்திருந்தார்கள். மழை கொட்டித் தீர்த்ததில் மைதானம் குளமாகி, நடவடிக்கைகளை அவசரமாகச் சுருக்கிக்கொண்டு தலைவர்கள் கலைய வேண்டியதாயிற்று. அதே ஊரில், அதே நாட்களில், சுபாஷ் சந்திர போஸ் "சமரச எதிர்ப்பு மகாநாடு" என்று ஒரு போட்டிக் கூட்டத்தைக் கூட்டி, யுத்தத்தில் சிக்கியிருக்கும் பிரிட்டனோடு எந்தப் பேரமும் வேண்டாம் என்று முழங்கினார். தாமோதர் நதிக்கரையின் இந்தச் சிறிய ஊருக்குப் பாடப்புத்தகம் ஒதுக்கும் இடம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

ஆனால் ஊரின் கதை அப்போதுதான் சூடு பிடித்தது. 1942 ஆகஸ்டில் தொடங்கி யுத்தம் முடியும் தறுவாய் வரை, ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான சீனச் சிப்பாய்கள் ராம்கரில் பயிற்சி பெற்றார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள். சோறும் கூரையும் சம்பளமும் பிரிட்டன் கணக்கில். ஆயுதம் அமெரிக்காவிலிருந்து. மண் பிகாருடையது, இன்று அது ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஒரு மாவட்டத் தலைநகர். இரண்டாம் உலக யுத்தத்தில் இந்திய மண்ணில் நடந்த விசித்திரமான காரியங்களில் இது ஒன்று. இதைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்டது சொற்பம். சீனாவிலும் வெகுகாலம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

முகாம் சீனர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்ட இத்தாலியப் போர்க் கைதிகளை ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேற்றியது பிரிட்டிஷ் அரசு. அவர்களை வைக்க ராம்கரில் வரிசை வரிசையாகக் கொட்டடிகள் எழுந்தன. கைதிகளை வேறு இடங்களுக்கு மாற்றிவிட்டு அதே கொட்டடிகளைச் சீனர்களுக்குக் கொடுத்தார்கள். கம்பி வேலிக்குள் வாழப் பழகிய கட்டடங்களுக்கு அது ஒரு பதவி உயர்வு என்றுதான் சொல்ல வேண்டும்.

சீனர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? 1942 மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் கடைசியில் லாஷியோவும் போயிற்று. கடற்கரைத் துறைமுகங்களையெல்லாம் ஜப்பானிடம் இழந்திருந்த சீனாவுக்கு வெளியுலகத்தோடு இருந்த முக்கியமான தரைவழி பர்மா ரோடு, அது அறுந்தது. பர்மாவைக் காக்க வந்திருந்த சீனப் படைகள் சிதறின. அவற்றின் மேல் பெயரளவில் அதிகாரம் பெற்றிருந்த அமெரிக்க ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல், நூற்றுச் சொச்சம் பேரோடு காட்டு வழியே நடந்து மே 20-ம் தேதி இம்பால் சேர்ந்தார். வயது 59. டெல்லியில் நிருபர்களிடம் அவர் பூசி மெழுகவில்லை: நன்றாக உதை வாங்கினோம், காரணத்தைக் கண்டுபிடித்துத் திரும்பிப் போய் மீட்க வேண்டும் என்றார். தோல்வியை 'திட்டமிட்ட பின்வாங்கல்' என்று வர்ணிக்கும் தளபதிகள் நிறைந்த காலத்தில் இது புதுமை.

சீன டிவிஷன்களில் ஒன்று, 38-வது, ஒழுங்கு குலையாமல் மணிப்பூர் எல்லைக்கு வந்தது. தளபதி சுன் லி-ஜென் அமெரிக்காவின் வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் படித்தவர். ஏப்ரலில் பர்மாவின் எண்ணெய் வயல் நகரமான யெனாஞ்சாவுங்கில் ஜப்பானியர்களிடம் சிக்கிய ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ், இந்தியத் துருப்புகளை மீட்டது அவருடைய ஆட்கள்தான். அப்படிப்பட்டவர்கள் இந்திய எல்லையை மிதித்ததும் அவர்களிடமிருந்து ஆயுதத்தைக் களையலாமா என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் யோசித்தார்கள். சுன் மறுத்துவிட்டார்.

இன்னொரு டிவிஷனான 22-வதின் கதி மோசம். பர்மாவின் வடகோடியில் ஹுகாவங் பள்ளத்தாக்கு வழியாக, பருவமழை காலத்தில், அட்டையும் மலேரியாவும் பட்டினியும் தின்றது போக மிஞ்சியவர்கள் ஜூலை, ஆகஸ்டில் அசாமின் லேடோவுக்குத் தள்ளாடி வந்து சேர்ந்தார்கள். அதே காட்டுத் தடங்களில் அதே வாரங்களில் பர்மா இந்தியர்களும் நடந்துகொண்டிருந்தார்கள். பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர் சுமார் ஐந்து லட்சம் பேர். தமிழர்கள் அதில் கணிசம். தமிழ்நாட்டில் 'பர்மா நடை' என்று பாட்டிகள் சொல்லும் கதைகளில் வரும் பிணங்களுக்குப் பக்கத்தில் சீனச் சிப்பாயின் பிணமும் கிடந்தது.

இந்த இரண்டு டிவிஷன்களிலும் மிஞ்சியவர்கள் சுமார் ஒன்பதாயிரம் பேர். ராம்கர் முகாமின் முதல் மாணவர்கள் அவர்களே. போதாது என்றார் ஸ்டில்வெல். அசாமிலிருந்து இமயமலைத் தொடரின் கிழக்கு வாலைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோன விமானங்கள் காலியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தன. 1942 அக்டோபரிலிருந்து அவற்றில் ஆட்களை ஏற்றினார்கள். வாழ்க்கையில் விமானத்தைக் கண்டிராத கிராமத்துப் பையன்கள், மெல்லிய உடுப்போடு, உறையும் குளிரில் மலைகளுக்கு மேலே பறந்து வந்து இறங்கினார்கள். பிறகு மீட்டர் கேஜ் ரயில், பிரம்மபுத்திராவில் படகு, மறுபடியும் ரயில். அந்த வருஷம் முடிவதற்குள் முகாமில் சுமார் முப்பதாயிரம் பேர்.

இந்திய அரசுக்கு இது பிடிக்கவில்லை. பிப்ரவரியில் இந்தியா வந்த சியாங் கை-ஷேக், கல்கத்தாவில் காந்தியைச் சந்தித்துவிட்டு, இந்தியர்களுக்கு நிஜமான அரசியல் அதிகாரம் கொடுங்கள் என்று பிரிட்டனுக்குப் பகிரங்கமாகப் புத்தி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருடைய சிப்பாய்கள் பெரும் எண்ணிக்கையில் பிகார் நடுவே உட்காருவதை வைஸ்ராய் எப்படி ரசிப்பார்? அதுவும் எந்த நேரத்தில்! முகாம் தொடங்கிய அதே ஆகஸ்டில்தான் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தது. பிகாரில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. நவம்பரில், தீபாவளி இரவில், ஜெயப்பிரகாஷ் நாராயணும் தோழர்களும் வேட்டிகளை முடிந்து கயிறாக்கி ஹஜாரிபாக் மத்திய சிறையின் சுவரைத் தாண்டினார்கள். அந்தச் சிறைக்கும் ராம்கருக்கும் இடையே சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஒரு தேசத்தின் விடுதலைக்காகச் சிப்பாய்களைத் தயார் செய்யும் முகாமும், இன்னொரு தேசத்தின் விடுதலையைக் கேட்டவர்களை அடைத்த சிறையும் ஒரே ஜில்லாவில். வாஷிங்டனின் நெருக்குதலுக்குப் பிறகு வைஸ்ராயின் ஆட்சேபம் அடங்கியது.

ராம்கரில் கற்றுக்கொடுக்கப்பட்டவை பலவும் எல்லா முகாம்களிலும் உள்ளவைதான். துப்பாக்கி சுடுதல், மார்ட்டர், டாங்கி எதிர்ப்புப் பீரங்கி, கழுதை முதுகில் ஏற்றக்கூடிய 75 மில்லிமீட்டர் பீரங்கி, காட்டுப் போர் முறை. பின்னாளில் டாங்கி ஓட்டவும். அதையெல்லாம் விட முக்கியமான காரியம் சம்பளப் பட்டுவாடா தினத்தில் நடந்தது.

அன்றைய சீன ராணுவத்தின் நடைமுறை இது. சிப்பாய்க்குச் சம்பளம் தனித்தனியே போகாது. படைப்பிரிவின் ஆள்கணக்குப்படி மொத்தப் பணமும் மொத்த அரிசியும் தளபதியிடம் போகும். அவர் கீழே உள்ளவரிடம் கொடுப்பார், அவர் அவருக்குக் கீழே. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். செத்தவனும் ஓடிப்போனவனும் பட்டியலில் உயிரோடு இருப்பார்கள். அவர்கள் சம்பளம் மேலே போகும். உயிரோடு இருப்பவன் எலும்பும் தோலுமாக இருப்பான். கிராமங்களில் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு, ஓடாமல் இருக்கக் கயிற்றில் பிணைத்து நடத்திவரப்பட்டவன் அவன். முகாமைச் சேருமுன்பே செத்தவர்கள் ஏராளம்.

இதை வெறும் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. தளபதிக்குத் தன் பிரிவு ஒரு சொத்து மாதிரி. அதை நடத்தும் செலவு, கையாட்களின் விசுவாசம், அரசியல் எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடியது. ராம்கருக்கு மேலதிகாரியாக வந்த ஜெனரல் லோ சோ-யிங், வழக்கப்படி மொத்தச் சம்பளத்தையும் ரூபாயாகத் தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார். ஸ்டில்வெல் சம்மதிக்கவில்லை. சிப்பாயை வரிசையில் நிறுத்தி, தலையை எண்ணி, அவனவன் கையில் கொடுப்பேன் என்றார். எண்ணும்போது அமெரிக்க அதிகாரி பக்கத்தில் நிற்பார். சண்டை சுங்கிங் வரை போயிற்று. கடைசியில் லோ திரும்ப அழைக்கப்பட்டார். 1943-ல் அவருடைய இடத்துக்கு செங் துங்-குவோ வந்தார்.

ரூபாய் நோட்டு ஒரு ஹூனான் விவசாயியின் மகன் கைக்கு நேராக வந்தது. கூடவே மூன்று வேளை வயிறாரச் சோறு, காலரா, டைபாய்டு, அம்மை ஊசிகள், மலேரியாவுக்கு மாத்திரை, பூட்ஸ். சில வாரங்களில் ஆட்கள் சதை போட்டார்கள். சீனனால் சண்டை போட முடியாது என்று இளக்காரம் பேசிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு, எதிரில் நிற்பவன் பட்டினி கிடந்தவன் என்ற எளிய விஷயம் அதுவரை உறைக்கவில்லை. ஆனால் தண்டனை, நிர்வாகம், உத்தரவு எல்லாம் கடைசிவரை சீன அதிகாரிகள் கையில்தான். பயிற்சியாளன் கற்றுக்கொடுக்கலாம், ஆணையிட முடியாது.

சோறு என்று எழுதும்போது பேனா தயங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முகாமில் சீனச் சிப்பாய் வயிறாரச் சாப்பிட்ட 1943-ல்தான் பக்கத்து மாகாணமான வங்காளத்தில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அரசு நியமித்த விசாரணைக் கமிஷனே 15 லட்சம் என்றது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். முகாமின் அரிசியால்தான் பஞ்சம் வந்தது என்று சொன்னால் அது அபத்தம். அந்த முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாய்கள் அத்தனை பெரிய கணக்கல்ல. ஆனால் ராணுவத்துக்கு முதலிடம், தொழிற்சாலைக்கு அடுத்த இடம், கிராமத்துக்கு எதுவும் மிஞ்சினால் என்ற கொள்கை ஒன்று இருந்தது. முகாம் அந்தக் கொள்கையின் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டவனும் கொடுத்து வைத்தவன் அல்ல. அதே காலத்தில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டுகொண்டிருந்தார்கள்.

பயிற்சியின் பெரிய தலைவலி மொழி. ஸ்டில்வெல்லுக்குச் சீனம் தெரியும்; பெய்ஜிங்கில் முறையாகப் படித்தவர். அவருடைய பயிற்சியாளர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வார்த்தை தெரியாது. மொழிபெயர்ப்பாளர்கள் போதவில்லை. இருந்தவர்கள் கல்லூரிப் பையன்கள்: ஷேக்ஸ்பியர் படித்தவனிடம் மெஷின்கன்னின் பின்பக்கத்து ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொன்னால் என்ன செய்வான்? அப்படியே அவன் நல்ல சீனத்தில் சொன்னாலும் தெற்கத்திப் பையனுக்கு அந்தப் பேச்சு பாதி புரியாது. எழுத்து தெரியாதவர்கள் பலர் என்பதால் புத்தகமும் உதவாது. ஆகவே அமெரிக்கன் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டுவான், சேர்த்துக் காட்டுவான். சிப்பாய் பார்த்துவிட்டு அதையே செய்வான். தவறினால் மறுபடி. கை ஜாடை, முக ஜாடை, சில சமயம் முழு நாடகம். நம் ஊரில் ஆசாரியும் தச்சனும் தொழில் கற்றுக்கொண்ட முறைதான். ஆச்சரியப்படும்படி பலன் கொடுத்தது. தேவை கூடியதும் 1944-ல் குன்மிங்கின் தென்மேற்குக் கூட்டுப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷத்து மாணவர்களையே மொழிபெயர்ப்பு வேலைக்குக் கட்டாயமாக எடுத்தார்கள்.

இந்த மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர் மு தான். அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த இளம் கவிஞர். 1942-ன் தொடக்கத்தில் தாமாகவே பர்மா படையில் சேர்ந்தவர். ஹுகாவங் காட்டில் அவரும் நடந்தார். குதிரை செத்தது, உடன் வந்த ஏவலாள் செத்தான், சீதபேதியோடு நாட்கணக்கில் பட்டினி. எப்படியோ உயிரோடு இந்தியா வந்து சேர்ந்து, உடம்பு தேறிய பிறகு ஊர் திரும்பினார். காட்டில் விட்டுவந்த எலும்புகளைப் பற்றி அவர் கவிதை எழுத மூன்று வருஷம் ஆயிற்று. அதற்கு முன்பு நண்பர்களிடம்கூட அவர் அதிகம் பேசியதில்லை.

பயிற்சி முடித்தவர்கள் என்ன சாதித்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் யுத்த சரித்திரங்கள் அதை விரிவாகவே எழுதியிருக்கின்றன. 1943 அக்டோபரில் அவர்கள் அதே ஹுகாவங்குக்குள் இந்தத் தடவை எதிர்த்திசையில் நுழைந்தார்கள். எதிரே நின்றது சிங்கப்பூரைப் பிடித்த படைகளில் ஒன்றான ஜப்பானின் 18-வது டிவிஷன். அதைத் தள்ளிக்கொண்டே போனார்கள். நவம்பர் 30-ல் கெய்ரோ மகாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் சியாங் கை-ஷேக் ராம்கரில் இறங்கி அணிவகுப்பைப் பார்வையிட்டார், மவுன்ட்பேட்டனும் இருந்தார். 1944 மே 17-ல் மிச்சினா விமானதளமும், ஆகஸ்டு 3-ல் நகரமும் வீழ்ந்தன. படைக்குப் பின்னாலேயே சாலை போட்டுக்கொண்டு வந்தார்கள். 1945 ஜனவரி 12-ல் லேடோவிலிருந்து கிளம்பிய முதல் லாரி வரிசை பிப்ரவரி 4-ல் குன்மிங் சேர்ந்தது. சாலைக்கு ஸ்டில்வெல் பெயர். அவரை அதற்குள் அமெரிக்காவுக்குத் திருப்பி அழைத்தாயிற்று. சியாங்குக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாததற்கு ராம்கர் சம்பளக் கணக்கும் ஒரு தொடக்கம்.

அதே 1944-ல், அதே பர்மா எல்லையில் இன்னும் தெற்கே, இம்பாலை நோக்கி ஜப்பானியர்களோடு வந்துகொண்டிருந்தது போஸின் இந்திய தேசிய ராணுவம். அதில் மலேயாவிலும் பர்மாவிலும் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். நான்கு வருஷத்துக்கு முன்பு ராம்கர் மைதானத்தில் நின்று பேசியவரின் படையும், ராம்கர் மைதானத்தில் பயிற்சி பெற்றவர்களின் படையும் ஒரே யுத்தத்தின் எதிரெதிர் பக்கத்தில். இருவருமே தாய்நாட்டின் விடுதலைக்காகத்தான் சண்டை போட்டார்கள்.

ஜப்பான் சரணடைந்ததும் ராம்கர் டிவிஷன்களைச் சியாங் மஞ்சூரியாவுக்கு அனுப்பினார், கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட. அவரிடம் இருந்த மிகச் சிறந்த துருப்புகள் அவைதான். 1948 அக்டோபரில் அவை அங்கே அழிந்தன. 22-வது டிவிஷனைக் காட்டிலிருந்து கொண்டுவந்த லியாவ் யாவ்-ஷியாங், பிரான்ஸின் செயின்ட் சிர் ராணுவப் பள்ளியில் படித்தவர், கைதியானார். 1961-ல் மன்னிப்பில் வெளியே வந்து, கலாசாரப் புரட்சியின் நடுவே 1968-ல் மாண்டார். செங் துங்-குவோ அதே 1948-ல் சாங்சுன் நகரில் சரணடைந்தார்.

ஆயுதத்தைத் தர மறுத்த சுன் லி-ஜென் தைவானுக்குப் போனவர்களில் ஒருவர். அங்கே தரைப்படைத் தலைவராகவும் ஆனார். அமெரிக்கர்களுக்கு வேண்டியவர் என்பதே வினையாயிற்று. கீழுள்ள அதிகாரி ஒருவரின் சதியில் பங்கு என்று குற்றம் சாட்டி 1955-ல் சியாங் அவரை வீட்டுக் காவலில் வைத்தார். 33 வருஷம். சியாங் செத்து, அவர் மகனும் செத்த பிறகு, 1988-ல்தான் கதவு திறந்தது. 1990-ல் சுன் இறந்தார்.

கம்யூனிஸ்டுச் சீனாவில் மு தான் பட்டதும் இதேதான். சிகாகோவில் மேற்படிப்பு முடித்து 1953-ல் தாமாகவே சீனா திரும்பி, தியான்ஜின் நான்காய் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பர்மா படையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தது 1958-ல் குற்றமாயிற்று. 'எதிர்ப்புரட்சியாளர்' என்று முத்திரை குத்தி, வகுப்பறையிலிருந்து எடுத்து நூலக வேலைக்கு அனுப்பினார்கள். கவிதை எழுத முடியாத வருஷங்களில் புஷ்கினையும் பைரனையும் மொழிபெயர்த்தார். பைரனின் 'டான் ஜுவான்' மொழிபெயர்ப்பு அச்சில் வந்தது 1980-ல். அவர் 1977 பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். தைபேயில் 'அமெரிக்கக் கையாள்', பெய்ஜிங்கில் 'சியாங்கின் கையாள்': ஜப்பானை எதிர்த்த ஒரே யுத்தத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு அரசுகளும் கொடுத்த பட்டங்கள் இவை. சீன மக்கள் குடியரசு, கோமிண்டாங் சிப்பாய்களும் ஜப்பானை எதிர்த்துச் சண்டை போட்டார்கள் என்பதை வெளிப்படையாக அங்கீகரித்தது அறுபதாம் ஆண்டு நிறைவான 2005-ல்.

இந்தியா தன் பங்குக்கு 1949 டிசம்பரிலேயே புதிய சீனாவை அங்கீகரித்துவிட்டது. 1962 யுத்தத்தின்போது இந்தியாவில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். அதுவும் உலக யுத்தக் காலத்தில் கைதிகளை வைத்திருந்த முகாம்தான். பழைய முகாம்கள் வீணாவதில்லை.

ராம்கரும் வீணாகவில்லை. ராணுவக் குடியிருப்பாகவே நீடித்தது. 1970-களில் பஞ்சாப் ரெஜிமென்ட், சீக்கிய ரெஜிமென்ட் இரண்டின் பயிற்சி மையங்களும் மீரட்டிலிருந்து இங்கே வந்தன. 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்த செய்தி வந்தபோது, சீக்கிய மையத்தில் கலகம் மூண்டது. ஜூன் 10-ம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பயிற்சி முடிக்காத பையன்கள், ஆயுதக் கிடங்கை உடைத்து, கிடைத்த வண்டிகளில் அமிர்தசரஸை நோக்கிக் கிளம்பினார்கள். மையத்தின் தளபதி பிரிகேடியர் எஸ்.சி. புரி கொல்லப்பட்டார். வழியிலேயே மறிக்கப்பட்டு, சண்டையில் செத்தவர்கள் போக மற்றவர்கள் பிடிபட்டார்கள்.

நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, புஜுர்க் ஜமீரா கிராமத்தில் சீனச் சிப்பாய்களின் கல்லறைகள் இருக்கின்றன. 667 என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. போர்முனை ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்க இத்தனை பேர் இங்கே எப்படி இறந்தார்கள் என்று கேட்டால், நல்ல பாம்பு கடித்து என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். பட்டினியால் நொந்து வந்த உடம்புகளையும் மலேரியாவையும் நினைத்துப் பார்த்தால் பாம்பைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. தைவானிலிருந்து பிரதிநிதிகள் வந்து மலர் வைத்துப் போனதுண்டு. இறந்தவர்கள் சேவித்த அரசை டெல்லி இன்று அரசாக அங்கீகரிப்பதில்லை. ஆகவே அவர்களின் வருகை பெரும்பாலும் ஆரவாரம் இல்லாமல் முடிந்துவிடும். ஊரார் அந்த இடத்தைச் 'சீனா கப்ரிஸ்தான்' என்கிறார்கள். நகரத்தில் வழி கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.